நாய்க்கூண்டுக்கு ரூ.26,500 கொடுத்து ஏமாந்தேன்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு அரியாங்குப்பத்தில் இருக்கும் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பினாள். "அக்கா, எங்க நாய்க்கு இவங்ககிட்ட ஒரு கூண்டு செய்யச் சொல்லலாம்னு இருக்கேன். நல்லா இருக்கா பாரு."

படத்தில் இருந்தது என் வீட்டுக் கொல்லை. என் முருங்கை மரம், என் நீலத் தண்ணீர் டிரம். நடுவில் நான் ரூ.26,500 கொடுத்து வாங்கிய அதே கூண்டு, வந்து இறங்கிய அன்றைய பளபளப்போடு. விற்பவர் பெயர் வேறு, நம்பர் வேறு. விலை மட்டும் ரூ.28,000 ஆகியிருக்கிறது. அந்தக் கூண்டு இப்போது மழையில் உப்பிக் கிடக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பெரிய நாய்க்கு வெளியில் கூண்டு வைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். எங்கள் சோழன் ராஜபாளையம் நாய், நாலு வயது, தோள் வரை 28 இன்ச் உயரம். அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் அவனை வீட்டுக்குள் படுக்கவைக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியபோது, மாடிப்படிக்குக் கீழே நனைந்துகொண்டே விடியவிடிய நின்றான். ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மழைக்குள் அவனுக்கென்று ஓர் இடம் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்து, சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்தேன்.

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கும் ஒரு ஆப்பில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கூப்பிட்ட மறுநாளே ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு. இன்ச் டேப்பை எடுக்கும் முன் தரையில் உட்கார்ந்து, சோழன் தானாக வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டாமல் இருந்தான். யாரையும் கிட்டே விடாத நாய், பத்து நிமிடத்தில் அவன் மடியில் தலையை வைத்தது. நான் விழுந்தது அங்கேதான்.

அப்புறம் அவன் பேசியது ஒவ்வொன்றும் சரி. "இங்க மழை வடகிழக்கால வந்து அடிக்கும்க்கா, கூண்டு அதுக்கு முதுகு காட்டி நிக்கணும். வாசலை தெக்க வெச்சுடலாம்." "தரையோட ஒட்டி வெச்சா ஈரம் ஏறும், ஆறு இன்ச் கால் குடுக்கணும்." "நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதுக்கா, மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளிய விடும். காத்து குறுக்க ஓடலைன்னா உள்ள வெந்துடும்." மேலே ஷீட், நடுவில் தெர்மோகோல், அடியில் பலகை, அப்படித்தான் கூரை என்றான். இடுக்கில் உண்ணி அடையாமல் கழுவ வசதியாக அந்தக் கூரையையே கழற்றி மாட்டலாம் என்றான். கடல் காற்றுக்குச் சாதா இரும்பு நிற்காது, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்தான். பலகை, தண்ணீர் தாங்கும் 19 எம்எம் மரைன் பிளைவுட். உள்ளளவு நாலரை அடிக்கு மூன்று அடி. வாசல் உயரம் 26 இன்ச்.

தெரியாதவன் செய்த தப்பு என்றால் மனசு ஆறிவிடும். இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் என்னை நம்ப வைத்தான்.

"பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றான். சரி என்றேன். அட்வான்ஸ் ரூ.18,000 அங்கேயே போனில் அனுப்பினேன்.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் குட்டியானையில் கூண்டு வந்தது. பச்சை பெயிண்ட், பார்க்க அழகாகவே இருந்தது. இறக்கி வைத்ததும், "நம்ம வேலைன்னு நாலு பேருக்குக் காட்டணும்" என்று நாலு பக்கமும் படம் எடுத்தான். பாக்கி ரூ.8,500 கொடுத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். ஆக மொத்தம் ரூ.26,500.

சோழன் உள்ளே போக மறுத்தான். அளந்தால் வாசல் 18 இன்ச். 28 இன்ச் நாய் எப்படி நுழையும்? பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டபோது முட்டி போட்டுத் தவழ்ந்து போனான், உடனே கத்திக்கொண்டு வெளியே வந்தான். கூரையை முடுக்கிய ஸ்க்ரூ எல்லாம் உள்பக்கம் அரை இன்ச் துருத்திக்கொண்டு இருந்திருக்கிறது. முதுகில் நீளமாகக் கிழிந்து மூன்று தையல். பிஸ்கட்டைக் காட்டி உள்ளே போக வைத்தது நான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அன்று மதியம் கூரையைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. தெர்மோகோலும் இல்லை, அடிப் பலகையும் இல்லை, வெறும் ஒற்றைக் கலர் ஷீட். கழற்றவும் முடியாது, சுற்றிலும் முடுக்கியாகிவிட்டது. ஆறு இன்ச் கால் என்றது ஒன்றரை இன்ச் கட்டை.

ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் கூண்டின் தரைப்பலகை உப்பி, ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்தது. எங்கள் தெரு ஆசாரி விரலால் உரித்தே காட்டினார்: 12 எம்எம் கமர்சியல் பிளை, வீட்டுக்குள் புழங்கும் சாதா ரகம். மரைன் பிளையின் பசை கொதிக்கிற தண்ணீருக்கே விடாது, இது மழைக்கே விட்டுவிட்டது. வெல்டிங் வைத்த இடமெல்லாம் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் துரு. துருப் பிடிக்காமல் இருக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடுகூட அடிக்கவில்லை.

நாய் அடிபட்ட அன்றே போன் செய்தேன். "பழகலைக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும். ஸ்க்ரூவுக்கு ஆள் அனுப்பறேன்." யாரும் வரவில்லை. அடுத்து கேட்டால் ஆயுத பூஜை, பட்டறை லீவு. அதற்கடுத்து ஆள் திண்டிவனம் போயிருக்கிறான். அப்புறம் தீபாவளி. பலகை உப்பியதைப் படம் எடுத்து அனுப்பிய அன்று 'அக்கா' போய் 'மேடம்' வந்தது. "மேடம், மழையில வெளிய வெச்சா எந்தப் பலகையும் ஊறத்தான் செய்யும்." வெளியில் வைக்கத்தானேடா கூண்டு கேட்டேன்! கடைசியாக நான் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டபோது, "நீங்க யாரு பேசறது?" என்றான். அதோடு அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். என் நாயை மடியில் வைத்துக் கொஞ்சியவன்.

ஆப்காரர்களிடம் புகார் கொடுத்தேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி பதில், பெயர்கூட இல்லாமல். விளம்பரத்தை எடுத்தார்கள். அதுதான் இப்போது வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. ரூ.26,500. ஒரு வருடச் சீட்டு.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானது மட்டும். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பட்டறைக்கே போய்ப் பலகையைப் பாருங்கள், மரைன் பிளை என்றால் ஐஎஸ் 710 என்ற தர எண் முத்திரை இருக்கும். கமர்சியல் என்றால் ஐஎஸ் 303. பட்டறையைக் காட்ட மாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அளவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பில் கட்டாயம் வேண்டும், பில் இல்லாமல் நான் இப்போது அல்லாடுகிறேன். உள்ளே கையை விட்டு எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்த பிறகு நாயை விடுங்கள். பாக்கிப் பணம் நாய் ஒரு ராத்திரி படுத்த பிறகுதான். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்றைக்குக் கூப்பிடப் போகிறேன். போனில் பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதுவேன்.

பச்சைக் கூண்டு, பக்கத்தில் முருங்கை மரம், நீல டிரம். டிரம் மூடியில் ஒரு செங்கல் இருக்கும். இந்தப் படத்தை எந்த விளம்பரத்தில் பார்த்தாலும் அது என் வீட்டுக் கொல்லை. அந்தக் கூண்டில் சோழன் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை.