டெலிகிராமில் டி.என்.பி.எஸ்.சி. படிப்புக் குரூப்: சம்பளமில்லாத அட்மினுக்கு எவ்வளவு கை கொடுக்கிறது?

வாட்ஸ்அப் குரூப் 1,024 பேரோடு நின்றுவிடும். டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், ஃபோன் நம்பரையும் மறைத்துக்கொள்ளலாம். முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து படிக்கத் தயங்கும் பெண் தேர்வர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அட்மினாக வருபவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்: விளம்பரக்காரர்களை விரட்ட இந்தச் செயலி நன்றாக உதவும், தப்பான விடையை விரட்ட அவ்வளவாக உதவாது. ஐந்துக்கு மூன்றரை தரலாம்.

அட்மின் அனுமதிகளை ஒவ்வொன்றாக ஆன் செய்ய முடிவது நல்ல ஏற்பாடு. புதிய தன்னார்வலருக்கு மெசேஜ் அழிப்பது, ஆளை நீக்குவது, முக்கியமானதை மேலே நிறுத்தி வைப்பது (பின் செய்வது) ஆகிய மூன்றும் போதும். மெசேஜை அழிக்கும்போதே அந்த ஆள் போட்ட எல்லாவற்றையும் சேர்த்து அழித்துத் தடையும் போடலாம். தேர்வு முடிந்த அன்று மாலை விடைச் சண்டை தொடங்கும். அப்போது ஸ்லோ மோடை, அதாவது ஒருவர் அடுத்த மெசேஜ் போடக் காத்திருக்க வேண்டிய நேரத்தை, ஒரு நிமிடத்தில் வைத்தால் சமாளிக்கலாம்.

தலைவலி, சரியான விடையைக் குறித்துக் கேள்வி போடும் க்விஸ் வசதியில்தான். ஒருமுறை போட்டுவிட்டால் சரியான விடையை மாற்றவே முடியாது. விடை தப்பென்றால் க்விஸை அழித்துவிடாதீர்கள். கீழே நடந்த விவாதம் தலையில்லாமல் தொங்கும். போட்டவரே அதை நிறுத்திவிட்டு, அதற்கு ரிப்ளையாகவே திருத்தத்தைப் பாடநூல் ஆதாரத்தோடு எழுத வேண்டும்: வகுப்பு, பாடம், பக்க எண், புத்தகப் பதிப்பு ஆண்டு. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுவதால், ஆண்டு இல்லாத திருத்தம் இன்னொரு சண்டைக்குத்தான் வழி.

க்விஸில் விடைக்கான விளக்கத்துக்கு 200 எழுத்துதான். 'கொ' என்பதையே இரண்டாக எண்ணுவதால் தமிழில் இரண்டு வரி எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். கூற்று–காரணம், பொருத்துக வகைக் கேள்விகளும் உள்ளே அடங்காது. கேள்வியைப் படமாகப் போட்டு, கீழே க்விஸில் ஏ, பி, சி, டி மட்டும் வைப்பதே நடைமுறை. 'விடை தெரியவில்லை' என்ற இ-யையும் சேர்த்துவிடுங்கள், உண்மையான ஓ.எம்.ஆர். தாளில் அது இருக்கிறதே.

அட்மினின் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, உறுப்பினர்களுக்குத் தனி மெசேஜில் 'டெஸ்ட் பேட்ச் கட்டணம்', 'லீக் ஆன வினாத்தாள்' என்று காசு கேட்பவர்கள் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் வரும் அட்மின் பட்டம் குரூப்புக்குள் மட்டும்தான் தெரியும், தனி மெசேஜில் தெரியாது. அதனால் உறுப்பினர் பட்டியலை மறைத்து வையுங்கள். 'எந்த அட்மினும் பணம் கேட்க மாட்டார்' என்பதை பின் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய பயிற்சி மையப் பி.டி.எஃப்.களைக் கண்டதும் அழியுங்கள். பதிப்புரிமைப் புகார் வந்தால் மாட்டுவது மொத்தக் குரூப்பும். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

யார் எதை அழித்தார் என்ற பதிவு 48 மணி நேரம்தான் இருக்கும். 'என் மெசேஜை ஏன் எடுத்தீங்க?' என்ற கேள்வி பெரும்பாலும் மூன்றாம் நாள்தான் வரும். அட்மின்களுக்கென்று தனிக் குரூப் வைத்து, தடை போடும் முன் ஸ்கிரீன்ஷாட்டை அங்கே போட்டுவிடுவது நல்லது.

குரூப்பைத் தொடங்கியவருக்கு வேலை கிடைத்ததும் அவர் காணாமல் போவது வாடிக்கை. உரிமையைக் கைமாற்ற அவருடைய கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு குறைந்தது 7 நாள் ஆன் ஆகியிருக்க வேண்டும். நீங்கள் அட்மினாகச் சேரும் அன்றே, தொடங்கியவரை அதை ஆன் செய்யச் சொல்லுங்கள். பணி ஆணை வந்தபிறகு ஆளைப் பிடிக்க முடியாது.