நிதியமா, வெளிப்படையான கணக்கா, ஊர்க்கையா? வளத்தின் பணத்தைக் காக்கும் மூன்று வழிகள்

வளரும் நாடுகளில் இயற்கை வளங்களைச் சுற்றி நடக்கும் ஊழலைத் தடுப்பது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் பாடத்திட்டம் போட வேண்டியிருந்தது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வருமானத்தைச் சட்டம் போட்டுத் தனி நிதியத்தில் பூட்டுவது, வரவு செலவை எல்லோரும் பார்க்க வெளியிடுவது, வளத்தை அதை நம்பி வாழ்பவர்களின் பொறுப்பிலேயே விடுவது. மூன்றாவதற்கு ஒரு முழு நாளைக் கொடுத்தேன். மற்ற இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு நாள்.

மூன்றிலும் நல்லது இருக்கிறது, அதை விளக்கத் தேவையில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். ஏற்பாடு தொடங்கிய ஆர்வம் அடங்கி, ஐந்தாறு வருடம் கழித்து விலை ஏறும்போதோ ஆட்சிக்கு நெருக்கடி வரும்போதோ, யார் விடாமல் கணக்குக் கேட்பார்கள்?

நிதியத்துக்கு சாட் நாட்டின் கதையே போதும். எண்ணெய் வருமானத்தை எப்படிச் செலவழிப்பது என்று 1999-லேயே சட்டம் போட்டார்கள். உலக வங்கி அந்த நம்பிக்கையில்தான் துணை நின்றது. கேமரூன் கடற்கரை வரை சுமார் 1,070 கிலோமீட்டர் குழாய் போட்டு, 2003-ல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பத்து சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு, மீதியில் பெரும்பங்கு கல்வி, சுகாதாரம் போன்றவற்றுக்கு என்பது ஏற்பாடு. 2006 தொடக்கத்தில் அதிபர் இத்ரிஸ் டெபியின் அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. வருங்கால நிதியம் ஒழிந்தது, பாதுகாப்புச் செலவும் முன்னுரிமைப் பட்டியலில் ஏறியது. 2008-ல் உலக வங்கி விலகிக்கொண்டது. சட்டம் போட்ட கையே அதைத் திருத்தவும் முடிந்தது. அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மக்களால் அதைத் தடுக்க முடியவில்லை.

போட்ஸ்வானாவில் நிலைமை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே 1967-ல் இனக்குழுக்களிடம் இருந்த கனிம உரிமை அரசுக்கு மாறியது. ஓராபா வைரச் சுரங்கம் அமைந்தது அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குழுவின் நிலத்தில். தன் மக்களுக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம், வைத்துக்கொள்ளவில்லை. வைர வருமானத்தைச் சேமிக்கப் பின்னால் வந்த பூலா நிதியமும் நிலைத்தது. ஆனால் இப்படி ஒரு தலைவர் கிடைப்பதைப் பயிற்சியில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வெளிப்படையான கணக்கு இதைவிட மேல். நிறுவனங்கள் கட்டியதாகச் சொல்லும் தொகையையும் அரசு வாங்கியதாகச் சொல்லும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறையை நைஜீரியா 2007-ல் சட்டமாகவே ஆக்கியது. அப்புறம் என்ன ஆனது? எண்ணெய்ப் பணத்தில் சுமார் 2,000 கோடி டாலர் கருவூலத்துக்கு வந்து சேரவில்லை என்று மத்திய வங்கி ஆளுநர் லமிடோ சனுசி சொன்னார். 2014 பிப்ரவரியில் அவரே இடைநீக்கம் செய்யப்பட்டார். எண் வெளியே வந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. கானா இதில் ஒரு படி முன்னே போனது. 2011-ன் பெட்ரோலிய வருவாய்ச் சட்டத்தில் மரபுவழித் தலைவர்கள், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர்கள், மதத்தினர் எனப் பதின்மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவை வைத்தது. கடலுக்கடியில் இருக்கும் எண்ணெய்க்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, நான் சாய்ந்த பக்கத்துக்கு வருகிறேன். நேபாளம் 1957-ல் தனியார் காடுகளை அரசுடைமை ஆக்கியது. அதுவரை காவல் காத்தவர்களுக்கு இனி அது தங்களுடையது அல்ல என்று ஆனதும் காடு தேயத் தொடங்கியது. 1993-ன் வனச் சட்டம் இதைத் திருப்பியது. நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமையும் விற்ற வருமானமும் அந்தக் காட்டை நம்பி வாழும் ஊர்க்காரர்களின் பயனாளர் குழுவுக்கு. இன்று அப்படி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். வருமானத்தில் கால் பங்கையாவது காட்டுக்கே திருப்பிச் செலவழிக்க வேண்டும் என்பது விதி.

மலைக்கிராமம் ஒன்றில் இப்படி ஒரு குழுவின் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பொருளாளர் நோட்டைப் பிரித்து, யாருக்கு எத்தனை கன அடி மரம் போனது என்று வாசித்துக்கொண்டே வந்தார். பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்தார். பள்ளிக்கூடக் கூரைக்கு நாலு மரம் வெட்டினோமே, நோட்டில் மூன்றுதானே வருகிறது என்றார். நாலாவது மரத்துக்குப் பதில் கிடைக்கும்வரை பக்கம் புரளவில்லை. அவருக்குத் தணிக்கை தெரியாது. மரம் விழுந்த அன்று அந்தச் சரிவில் அவர் புல் அறுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கண்காணிப்பதற்கென்று அவர் தனியாகப் பாடுபடத் தேவையில்லை. தினமும் போய்வரும் இடம். கேட்காமல் விட்டால் அடுத்த மழைக்கு அவருடைய வீட்டுக் கூரைக்கு மரம் இருக்காது. எண்ணெய்ப் பீப்பாயை இப்படி யாரும் எண்ண முடியாது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. நிலமும் சாதியும் உள்ளவர்கள் குழுவைக் கையில் எடுத்துக்கொள்வது நேபாளத்திலேயே நடக்கிறது. காடு தழைக்கட்டும் என்று சில வருடம் மூடிவைத்தால், விறகுக்கு வேறு வழியில்லாத வீடுதான் முதலில் தவிக்கும். தெற்குச் சமவெளியான தராயின் சால மரக் காடுகளைப் போல மரத்துக்கு நல்ல விலை இருக்கும் இடத்தில் ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் குழுத் தலைவரும் ஒன்று சேர்ந்துவிடும் ஆபத்து அதிகம். ஆனால் அந்தக் கூட்டு அந்த ஊருக்குத் தெரியாமல் நடக்க முடியாது, எதிர்த்துக் கேட்கத்தான் தைரியம் வேண்டும். நான் அருகில் இருந்து பார்த்தது மலைக்காடுகளை மட்டும்தான். மணல், மீன் விஷயங்களில் இதே உறுதியுடன் பேச மாட்டேன்.

பயிற்சியின் இரண்டாம் நாளில் ஒரு குழுவின் ஒரு வருடக் கணக்கு நோட்டை ஆளுக்கு ஒரு நகலாகக் கொடுக்கப் போகிறேன். அதில் ஒரு மரம் குறைந்திருக்கும். கூடவே அந்த வருடம் காட்டுக்குப் போய்வந்தவர்கள் சொன்னவை ஒரு தாளில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.