தோல் முகப்படம்: பட்டைத் தோலா, குரோம் தோலா?

தோல் துண்டுகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்து முகப்படம் செய்ய எந்தத் தோல் என்பதைத் தாராவியில் வாங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். மூக்கு, உதடு, இமை போன்ற சின்னத் துண்டுகளுக்குப் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல்தான் சரி. கத்தி போன வழியில் விளிம்பு நிற்கும். நனைத்து அழுத்தினால் கன்னமேடு படியும். வெளிச்சம் பட்டால் கருக்கும், அதனால் முகநிறத்தை ஒரு படி வெளிறலாகவே எடுங்கள். மும்பை மழைக்காலத்தில் பூஞ்சையும் இதில்தான் சீக்கிரம் வரும்.

குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் நிறங்கள் ஏராளம், தலைமுடிக்கும் சேலைக்கும் அருமை. ஆனால் நெகிழும். அடியில் கெட்டித்துணி ஒட்டாமல் இழுத்துத் தைத்தால் முகமே கோணிவிடும்.

எதுவானாலும், மேல்துண்டு அடித்துண்டின் மீது 5 மி.மீ. ஏறட்டும். அடிவிளிம்பைச் சீவி மெலிதாக்காவிட்டால், மூன்று துண்டு சேரும் கண்ணோரத்தில் ஊசி இறங்காது. துளைகளை மிக நெருக்கினால் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழியும். குத்திய துளை தோலில் மூடாது. லேசாகப் பசை தொட்டு வைத்துப் பார்த்தபிறகே குத்தூசியை எடுங்கள்.