‘வைன்லைட்’: ஒரு பாட்டுக்காக வாங்குகிறார்கள், ஆறையும் கேட்கலாம்

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ இசைத்தட்டைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ பாட்டுக்காகத்தான் தேடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் 1980-இல் ஆறு பாடல்களோடு வந்த இந்தத் தட்டின் பாதிகூடக் காதில் விழாது. ஸ்மூத் ஜாஸ் (இந்தத் தட்டைச் சேர்க்கும் மென்மையான ஜாஸ் வகை) என்றாலே ஓட்டல் வரவேற்பறையிலும் லிஃப்டிலும் யாரும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் இசை என்று பெயராகிவிட்டது. இந்தத் தட்டுக்கு அந்தப் பெயர் அநியாயம். மேலே கேட்கும் சாக்ஸபோன் மென்மையானது. அடியில் ஓடும் தாளமோ படு கறார். அந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று தெரிய, இவர் வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் பிறந்தது 1943 டிசம்பர் 12, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில். அம்மா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். அப்பா சாக்ஸபோன் வாசிப்பவர், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ஜாஸ் தட்டுகளைச் சேர்த்து வைத்தவர். முதல் சாக்ஸபோனைப் பையனாக இருக்கும்போதே அப்பா கையில் கொடுத்துவிட்டார். ஊரின் கிளப்புகளுக்குள் நுழைந்து ப்ளூஸ்காரர்களைக் கேட்டுப் பழகிய பிறகு, ‘ஃபோர் க்ளெஃப்ஸ்’ என்ற குழுவோடு ஊர் ஊராக வாசித்தார். அடுத்து ராணுவம். அங்கே கிடைத்த நட்பு டிரம்மர் பில்லி காபம். நியூயார்க் கலைஞர்களின் அறிமுகம் அவர் வழியாகத்தான் கிடைத்தது. 1967-இல் வாஷிங்டன் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். கடைசிவரை அதுதான் அவருடைய ஊர்.

அந்தக் காலத்து ஃபிலடெல்ஃபியாவில் ஹாமண்ட் ஆர்கன் குழுக்களுக்கு நல்ல மவுசு. ஆர்கன் கலைஞர்கள் சார்லஸ் எர்லண்ட், லியான் ஸ்பென்சர் ஆகியோரின் தட்டுகளில் டெனர் சாக்ஸபோன் (ஆல்டோவைவிடப் பெரியது, கனத்த ஒலி) வாசித்தது வாஷிங்டன்தான். இந்த வகைக் குழுவில் பெரும்பாலும் தனியாக பேஸ் கிட்டார் இருக்காது. ஆர்கன் வாசிப்பவரே இடது கையாலும் கால் கட்டையாலும் பேஸையும் பார்த்துக்கொள்வார். ஆர்கன் இடைவெளியில்லாமல் ஒலிக்கும் வாத்தியம். அதன்மேல் சாக்ஸபோனும் நிறுத்தாமல் ஓடினால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக வாசிக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், ஆர்கன் பதில் சொல்லக் காத்திருக்க வேண்டும். எதிரே இருப்பவர்கள் குடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருப்பார்கள், தாளம் கொஞ்சம் தளர்ந்தாலும் முகம் திரும்பிவிடும். ‘வைன்லைட்’ முழுக்கக் கேட்கும் சிக்கனம் இந்த மேடைகளில் படிந்தது.

1971-இல் தயாரிப்பாளர் க்ரீட் டெய்லரின் ‘குடு’ நிறுவனத்தில் ஆல்டோ சாக்ஸபோன்காரர் ஹேங்க் க்ராஃபோர்டுக்கென்று ஒரு ஒலிப்பதிவு ஏற்பாடாகியிருந்தது. அவரால் வர முடியவில்லை. ஆல்டோவுக்கு எழுதி வைத்திருந்த இசையை வாசிக்க, பெரும்பாலும் டெனர் வாசித்துவந்த வாஷிங்டனை அழைத்தார்கள். அதுவே அவருடைய முதல் தனித்தட்டாக வந்துவிட்டது. 1975-இன் ‘மிஸ்டர் மேஜிக்’ ஜாஸ் பட்டியலிலும் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. அந்தத் தலைப்புப் பாடலை எழுதியவர்கள் தாளவாத்தியக்காரர் ரால்ஃப் மெக்டொனால்டும் வில்லியம் சால்டரும். ஐந்து வருடம் கழித்து, எலெக்ட்ரா நிறுவனத்துக்காக ‘வைன்லைட்’ செய்தபோது மெக்டொனால்ட் வாஷிங்டனோடு சேர்ந்து தயாரிப்பாளராகவே உட்கார்ந்தார்.

1980 கோடையில் நியூயார்க்கின் ரோஸ்பட் ஸ்டுடியோவில் பதிவானது. டிரம்ஸ் ஸ்டீவ் காட், கிட்டார் எரிக் கேல், ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ ரிச்சர்ட் டீ, பேஸ் மார்கஸ் மில்லர். மில்லருக்கு அப்போது வயது 21 என்றால் நம்ப முடியாது. இந்தத் தட்டை முதல் தடவை சாக்ஸபோனுக்காகக் கேளுங்கள். இரண்டாவது தடவை மில்லரை மட்டும் பின்தொடருங்கள். சாக்ஸபோன் நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது பேஸ் கீழே அசையும், சாக்ஸபோன் அசைந்தால் பேஸ் அடங்கும். தலைப்புப் பாடலின் ஏழரை நிமிடமும் அலுக்காமல் போவதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம்.

இரண்டாவது பாடல் ‘லெட் இட் ஃப்ளோ’, ‘டாக்டர் ஜே’ என்று அழைக்கப்பட்ட கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்குக்குச் சமர்ப்பணம். எர்விங் ஃபிலடெல்ஃபியா அணிக்காரர், வாஷிங்டன் அந்த அணியின் தீவிர ரசிகர். ஆட்டங்களுக்கு முன்னால் தேசிய கீதத்தை சாக்ஸபோனில் வாசித்தவரும்கூட.

‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ மட்டும்தான் ஆறில் வாய்ப்பாட்டு உள்ளது. பாடியவர் பில் விதர்ஸ். மெக்டொனால்டும் சால்டரும் கொண்டுவந்த பாட்டின் வரிகளைச் செப்பனிட்டுத்தான் பாட ஒப்புக்கொண்டார், அதனால் எழுதியவர்களில் மூன்றாவது பெயர் அவருடையது. 1981-இல் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அடுத்த ஆண்டு கிராமி விருதில் பாட்டுக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று. வானொலியில் ஓடியது சுமார் 4 நிமிடத்துக்கு வெட்டிய வடிவம். தட்டில் இருப்பது ஏழு நிமிடத்துக்கும் மேல். வெட்டுப்பட்டது பெரும்பாலும் வாத்தியப் பகுதிதான். முழு வடிவத்தில் ராபர்ட் கிரீனிட்ஜின் ஸ்டீல் டிரம் (டிரினிடாடின் வாத்தியம்) தனியாவர்த்தனம் ஒன்று நிதானமாக வரும். மெக்டொனால்டின் குடும்பம் டிரினிடாடிலிருந்து வந்தது, அவருடைய அப்பா அந்த ஊர் இசையான கலிப்ஸோவின் பாடகர். அந்த ஒலி இங்கே வந்து சேர்ந்த வழி அதுதான். பிறகு டெனர் சாக்ஸபோன் எடுத்துக்கொண்டு முடிவுவரை விடாது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் பாட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். தொகுப்புத் தட்டுகளில் பல நேரம் குட்டை வடிவம்தான் இருக்கும்.

சாக்ஸபோன் கற்பவர்கள் இந்தப் பாட்டில் கை வைக்காமல் இருப்பதில்லை, அதனால் கொஞ்சம் விவரம். பாட்டு எஃப் மைனர். சாக்ஸபோனில் விரல் போடும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறு, அதனால் டெனரில் ஜி மைனராகவும் ஆல்டோவில் டி மைனராகவும் விரல் போட வேண்டும். அடிப்படைக் கார்டுச் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சுழற்சி டி-ஃபிளாட் மேஜர் 7, சி 7, எஃப் மைனர் 7, அங்கிருந்து இ-ஃபிளாட் மைனர் 7, ஏ-ஃபிளாட் 7 வழியாக மறுபடி தொடக்கம். டெனர்காரருக்கு அது இ-ஃபிளாட் மேஜர் 7, டி 7, ஜி மைனர் 7, எஃப் மைனர் 7, பி-ஃபிளாட் 7. ஜி மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர வரிசையை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். சி 7 வரும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும்: அந்தக் கார்டின் உயிர் இ என்ற சுரம், டெனரில் எஃப்-ஷார்ப். பென்டடோனிக்கில் அது கிடையாது. அதைத் தொட்டுவிட்டு ஜி-க்கு ஏறினால் வாக்கியம் தானாக நிற்கும்.

தொனி இன்னும் கஷ்டம். கீழ்ச்சுரங்களை மூச்சுக் கலந்து வாசிக்கும் சப்டோனுக்குக் கீழ்த்தாடையைச் சற்றுப் பின்னால் இழுத்துத் தளர்த்த வேண்டும். காற்றின் அழுத்தம் மட்டும் குறையக் கூடாது. கற்பவர்கள் தாடையோடு காற்றையும் தளர்த்துகிறார்கள், சுருதி இறங்கிவிடுகிறது. என்ன செய்தாலும் கீழ் பி, பி-ஃபிளாட் சுரங்கள் கரகரத்தால் தப்பு வாயில் இல்லாமலும் இருக்கலாம்; குழலுக்குள் சின்ன விளக்கை விட்டு துளைகளை மூடும் எந்தப் பேடின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். இன்னொன்று, ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து இழுத்து ஏற்றும் பழக்கம். வாஷிங்டன் அதை வாக்கியத்துக்கு ஓரிடத்தில் செய்வார், மற்ற சுரங்களை நேராகப் பிடிப்பார். அவரைப் பின்பற்றி வந்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழுத்தார்கள். இந்த இசைக்கு வந்த சர்க்கரைப்பாகுப் பெயருக்குப் பாதிக் காரணம் அதுதான்.

எந்த வடிவில் வாங்குவது? பழைய எல்பி (வினைல் தட்டு) நிறைய அச்சானது, அதனால் பொறுமையாகத் தேடினால் நல்லதாகவே கிடைக்கும். பழைய தட்டு என்றால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘மேக் மீ எ மெமரி’யைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. மையத்தை நெருங்கும்போது அது 21-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதே ஒலியைக் குறுகிய தூரத்தில் திணிப்பதால், தேய்ந்த ஊசியில் ஓட்டிய தட்டின் சேதம் அங்கேதான் முதலில் தெரியும். அந்தப் பாட்டில் சாக்ஸபோனின் உரத்த சுரங்கள் பிசிறடித்தால் வேண்டாம். இந்தத் தொல்லையே வேண்டாதவர்களுக்கு சிடி போதும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் உதவாது: பேஸ் கிட்டாரின் திறந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ், அவற்றில் அது வரவே வராது. மில்லர் இல்லாத ‘வைன்லைட்’ நிஜமாகவே லிஃப்ட் இசையாகிவிடும். சுமாரான வயர் ஹெட்போன்கூட அதைவிட மேல்.

குறை இல்லாமல் இல்லை. ‘இன் த நேம் ஆஃப் லவ்’ இனிப்பு கொஞ்சம் தூக்கல். சிந்தசைசர் ஒலிகள் சில இடங்களில் அந்த வருடத்தின் முத்திரையோடு நிற்கின்றன, சாக்ஸபோனும் டிரம்ஸும் அப்படி நிற்கவில்லை. ஆறு பாடல்களும் ஏறக்குறைய ஒரே மனநிலையில் போவதால், வேகம் வேண்டும் என்பவர்கள் ‘மிஸ்டர் மேஜிக்’கிலிருந்து தொடங்குவது நல்லது.

வாஷிங்டனுக்கு நேர்ஜாஸ் (பாப் கலப்பில்லாத மரபு ஜாஸ்) வராது என்று யாராவது சொன்னால் 1988-இன் ‘தென் அண்ட் நவ்’ தட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஜாஸ் ஜாம்பவான்கள் டாமி ஃப்ளனகன், ஹெர்பி ஹேன்காக், ரான் கார்ட்டர் ஆகியோரோடு சமமாக நின்று வாசித்திருக்கிறார். 1999 டிசம்பர் 17 அன்று நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வாசித்துவிட்டு ஓய்வறைக்குப் போனவர் அங்கேயே சரிந்தார். அன்றே இறந்துபோனார், வயது 56. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஆரியா’வில் ஓபெரா மெட்டுகளை வாசித்திருக்கிறார். ‘வைன்லைட்’ பிடித்தவர்கள் அதை மூன்றாவதாக வாங்கலாம், அதற்கு முன் ‘மிஸ்டர் மேஜிக்’.