தபால்தலையை ஊறவைத்து எடுப்பதா, கவரோடு வைப்பதா?

பழைய கடிதக் கட்டு ஒன்று கைக்கு வந்தால், தபால்தலை சேகரிப்பவர் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கலாம். கவரைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் எடுக்கலாம். முத்திரையும் சேர்ந்து வரும்படி மூலையைக் கத்தரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கவரை முழுசாக அப்படியே வைக்கலாம். பழைய கவர் என்றால் முழுசாக வைப்பதுதான் சரி என்பேன். காரணம் சொல்லப் பென்னி பிளாக் ஒன்றே போதும்.

1840 மே மாதம் பிரிட்டனில் வெளிவந்த, உலகின் முதல் ஒட்டும் தபால்தலை அது. அதன்மேல் குத்தப்பட்டது மால்டீஸ் சிலுவை முத்திரை. முதலில் சிவப்பு மையில், 1841இலிருந்து கறுப்பு மையில். அந்தச் சிலுவையில் ஊர்ப்பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அவற்றுக்கென்று வேறொரு முத்திரை உண்டு, அது பெரும்பாலும் கடிதத்தின் பின்பக்கம் விழுந்தது. ஆகவே ஊறவைத்து எடுத்த பென்னி பிளாக் எந்த நாளில் போனது என்று தலையை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. அது அதிகாரப்பூர்வமாகச் செல்லுபடியானது மே 6ஆம் தேதி. ஆனால் மே 2ஆம் தேதியே பாத் நகரிலிருந்து அந்தத் தலையோடு கடிதம் போயிருக்கிறது. கடிதம் முழுசாகத் தப்பிப் பிழைத்ததால்தான் இன்று அது நமக்குத் தெரிகிறது.

தனித்தலைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி (வாட்டர்மார்க்), பின்பக்கம் மெலிந்துபோன இடம், யாரோ ஒட்டுப்போட்டுச் சரிசெய்த கிழிசல், இதெல்லாம் தலை கையில் தனியாக இருந்தால்தான் நன்றாகத் தெரியும். அச்சு வேறுபாடுகளை ஆராய்கிறவருக்கு அது தேவைதான். லட்சக்கணக்கில் அச்சடித்த அண்மைக்காலச் சாதாரணத் தலை என்றால் தாராளமாக ஊறப்போடலாம்.

கத்தரித்த துண்டு நடுவழி மாதிரித் தோன்றும். ஊரும் தேதியும் கிடைத்துவிடும், சரி. ஆனால் கடிதம் எங்கே போனது, கட்டியது சரியான கட்டணம்தானா, பின்பக்கம் என்ன இருந்தது என்பதெல்லாம் குப்பைக்குப் போய்விடும். கவர் மக்கிப்போயிருந்தாலோ, தண்ணீருக்கு மசியாத இன்றைய ஸ்டிக்கர் வகைத் தலையாக இருந்தாலோ சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டுக் கத்தரிக்கலாம். மற்றபடி எனக்கு அதில் உடன்பாடில்லை.

முழுக் கவரில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. பிரிட்டிஷ் தலை ஒட்டிய கவரில் வேறு நாட்டுத் துறைமுகத்தின் முத்திரை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை மட்டும் இருந்தால் குழப்பம்தான். கவரின் இன்னொரு ஓரத்தில் ‘பாக்கபோ’ என்ற முத்திரை இருந்தால் விஷயம் தெளிந்துவிடும்: கடலில் போகும் கப்பலில் சேர்த்த கடிதம், கப்பல் அடைந்த துறைமுகத்தில் முத்திரை வாங்கியிருக்கிறது. கட்டணம் குறைந்த வெளிநாட்டுக் கடிதங்களில் ‘டி’ முத்திரை இருக்கும். போர்க்காலக் கவரின் ஓரத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய பட்டை இருக்கும். அப்புறம், கவரைத் திருப்பிப் பாருங்கள். சேர்ந்த ஊரின் முத்திரை இருந்தால், இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுக் கடிதம் எத்தனை நாள் பயணப்பட்டது என்று கணக்குப் போட்டுவிடலாம். தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு சேகரிப்பாளருக்காகவே தயாரிக்கும் முதல்நாள் உறைகளில் பெரும்பாலும் இந்தச் சுவை கிடையாது.

முழுக் கவரை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்திரையின் வட்டம் தலையில் பாதி, காகிதத்தில் பாதி என்று விழுந்திருந்தால், கோடுகள் விளிம்பில் விலகாமல் சேர்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். விலகியிருந்தால், வேறு தலையை ஒட்டிவைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். பத்திரப்படுத்துவதிலும் வேலை அதிகம். துருப்பிடிக்கும் பின்களை எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் வைக்க வேண்டும், பி.வி.சி. உறை கூடாது.

1840க்கு முந்தைய மடித்த கடிதங்களில் தபால்தலையே கிடையாது, முத்திரை மட்டும்தான். 1661இல் ஹென்றி பிஷப் பிரிட்டனில் கொண்டுவந்த சிறு வட்ட முத்திரையில் மாதமும் நாளும் உண்டு, ஆண்டு இல்லை. ஆண்டைத் தெரிந்துகொள்ள உள்ளே எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். அதனால் பழைய கவருக்குள் கடிதம் இருந்தால் அதையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.