பழைய மூன்று கியர் சைக்கிளா? சக்கரத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

லண்டனில் பழைய ராலே கம்பெனி சைக்கிள், அதுவும் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுவில், கியர்களை உள்ளே வைத்திருக்கும் உருளை) வைத்த சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சைக்கிளின் ஹப்பில் ஏடபிள்யூ (AW) என்ற மாடல் எழுத்துகளும் 64 என்ற எண்ணும் பொறித்திருக்கும். 1964-ல் செய்தது. போன மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சர்வீஸுக்கு விட்டேன். 'கியர் சரிசெய்தது, ஹப்புக்கு எண்ணெய் விட்டது' என்று பில் போட்டு 45 பவுண்டு வாங்கினார்கள்.

நான்காம் நாள் சிக்னலில் பச்சை விழுந்ததும் இரண்டாவது கியரில் எழுந்து நின்று மிதித்தேன். பெடல் காற்றில் மிதிப்பது போலச் சரேலென்று கீழே போனது. முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்து ரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டதால் பிழைத்தேன்.

கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ளே பல்லெல்லாம் போய்விட்டது. அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள், பாகம் கிடைக்காது. புதுச் சக்கரம் 160 பவுண்டு. பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருந்த ஸ்டர்மி ஆர்ச்சர் தொழிற்சாலையை 2000-ல் மூடியது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் தைவான் கம்பெனிக்குப் போய், ஹப்பும் பாகங்களும் இன்றும் வருகின்றன. இது அப்போது எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நல்லவேளை.

கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா குனிந்து பார்த்தார். "தம்பி, இது பழுதில்லை. இந்த நட்டை இறுக்காமல் விட்டிருக்கினம்."

ஹப்பிலிருந்து வரும் சின்னச் சங்கிலி கேபிளோடு சேரும் இடத்தில் விரலால் திருகும் ஒரு குட்டி நட்டு உண்டு. அதை இறுக்காததால் ஓட்ட ஓட்ட இணைப்பு கழன்று கேபிள் தொய்ந்துவிட்டது. இந்த ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது, அமைப்பே அப்படி. கேபிள் தொய்ந்தால் லீவர் இரண்டில் இருந்தாலும் ஹப் அந்த இடத்தில் போய் நிற்கும்.

லீவரை இரண்டில் வைக்கச் சொன்னார். பின்சக்கரத்தின் வலதுபக்க நீள நட்டில் ஒரு துளை இருக்கிறது. அதற்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கம்பி முடிந்து சங்கிலி தொடங்கும் இடம் அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். என்னுடையது நன்றாக உள்ளே போயிருந்தது. இணைப்பைத் திருகி மட்டத்துக்குக் கொண்டுவந்து நட்டை இறுக்கினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று கியரும் விழுந்தன.

அப்புறம்தான் ஹப்பின் நடுவில் இருக்கும் எண்ணெய் மூடியைப் பார்த்தேன். அதன் விளிம்பைச் சுற்றிப் பழைய அழுக்கு மெழுகு போல இறுகி, எங்கும் விரிசல் விடாமல் கிடந்தது. அந்த மூடியை யாரும் திறக்கவே இல்லை! திறப்பதற்கு முன் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு ஐயா ஒரு டீஸ்பூன் மெல்லிய எண்ணெய் விட்டார்.

போட்டோவைக் காட்டியும் கடையில் எண்ணெய் விட்டதாகவே சாதிக்கிறார்கள். பில்லையும் போட்டோவையும் சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கார்டு கொடுத்த வங்கிக்கு நேற்று எழுதிப்போட்டிருக்கிறேன்.