வெள்ளவத்தையில் அம்மாவும் மகளும் போன வகுப்பு

கொழும்பு காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல், மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. 13 முதல் 16 வயதுப் பெண்பிள்ளைகளுக்கும் தாய்மாருக்குமாக ஒரு தனியார் கிளினிக் சனிக்கிழமை நடத்தும் பாலியல் கல்வி வகுப்பு இது. இருவருக்கும் சேர்த்து 2000 ரூபா.

மகள் பெரியபிள்ளையானபோது மண்டபம் எடுத்து, 300 பேருக்குச் சாப்பாடு போட்டோம். மாதவிலக்கு எதற்கு வருகிறது என்று மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கும் என் அம்மா சொல்லவில்லை.

முதல் அரை மணித்தியாலம் வீண். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பதையே படம் போட்டு வாசித்தார்கள். அப்புறம் ஒரு வெறும் பிஸ்கட் டின்னைச் சுற்றுக்கு விட்டார்கள். பெயர் போடாமல் கேள்வி எழுத வேண்டும், தாய்மாரும்தான். லேடி டொக்டர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார்.

"முதல் தரம் என்றால் பிள்ளை தங்காதுதானே?"

"தங்கும்." அவ்வளவுதான் பதில்.

மாதவிலக்கு முடிந்த கையோடு என்றால் பயமில்லையா? அப்போதும் தங்கலாம், விந்து உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்றார். அவசர கருத்தடை மாத்திரையை, உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக எடுக்க வேண்டும். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. பின்வரிசையில் ஓர் அம்மா இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

சட்டத்தையும் சுற்றிவளைக்காமல் சொன்னார். 16 வயதுக்குக் கீழே பிள்ளை உடலுறவுக்குச் சரி என்றிருந்தாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுக்காது. கருக்கலைப்புக்கு இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இடமுண்டு. டியூசன் மாஸ்டரோ சொந்தக்காரரோ தொந்தரவு தந்தால் சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்துக்கு எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த ஒரு மணித்தியாலத்துக்கு 2000 ரூபா தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டுக்குத் தந்த தமிழ்த் தாள் மட்டும் படுமோசம். எங்கிருந்தோ மொழிபெயர்த்திருக்கிறார்கள், மகள் இரண்டு வரி வாசித்துவிட்டு விசிறியாக மடித்துக்கொண்டாள். ஆண்பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லையா என்று வரவேற்பில் கேட்டேன். "ஒருத்தரும் கேட்கிறதில்லையே" என்றார் அங்கே இருந்த பிள்ளை. மகனின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பெண்பிள்ளை தனியாகவா கர்ப்பமாகிறாள்?

படி இறங்கும்போது மகள் கேட்டாள்: "அம்மா, அந்த மாதவிலக்குக் கேள்வி உங்கட கையெழுத்துத்தானே?"